எட்டாம் அத்தியாயமும் ரோஸ் கொப்பியும்

எனக்குத் தெரியாத விஷயத்தைப் பற்றித்தான் நான் அதிகச் சத்தமாகப் பேசுவேன். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. (வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரியுமாம்.)

அப்போது கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பதுளையில் கணினிச் சான்றிதழ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தின் எட்டாம் அத்தியாயம் முழுக்கப் பழைய சாதனங்கள். அதிலும் பத்துப் பக்கம், மை நாடாவில் ஊசியால் குத்திக் குத்தி எழுத்தைப் பதிக்கும் டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு. எனக்குக் கொதித்தது. உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்க, நாடா மாட்டுவது எப்படி என்று நான் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? ‘செத்துப்போன இயந்திரங்களைப் பரீட்சையிலிருந்து நீக்குங்கள்’ என்று ஒரு கடிதம் எழுதி, வகுப்பு முழுவதும் கையெழுத்து வாங்கி, பாடம் எடுத்த மிஸ்ஸிடம் நீட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் அதை நிதானமாக வாசித்துவிட்டு, மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். பரீட்சையில் அந்த அத்தியாயத்துக் கேள்விகளைக் கொள்கைக்காக விட்டுவிட்டேன். (படிக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.) மயிரிழையில் பாஸ்.

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஆபீசிலேயே வேலை கிடைத்தது. ஒரு மாதம் பார்ப்பார்கள், சரிவந்தால் நிரந்தரம். தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் ஆபீஸ் கதிரையில் உட்காரப் போகிறான் என்று அம்மா கோயில் வரை சொல்லிவிட்டு வந்தார். அதே தொழிற்சாலையில் கேட் வாச்சராக இருக்கும் அப்பா மட்டும், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போகச் சொன்னார்.

ஆபீசுக்குள் நுழைந்தால், கிரீச் கிரீச் என்று கத்திக்கொண்டு அதே பிரிண்டர். என்னைக் கேலி செய்யவே உட்கார்ந்திருந்தது போல இருந்தது. மூன்றாம் வாரம் புது லேசர் பிரிண்டர் வந்ததும், முதல் வேலையாகப் பழையதைக் கழற்றி, ஸ்டோர் ரூமில் சாக்குகளுக்குப் பின்னால் தள்ளினேன். புதியது சத்தமில்லாமல் ஒரு பக்கத்தை அடித்துத் தந்தது. ஆபீசுக்குப் பொறுப்பான பெரிய கிளாக்கர் ஐயாவுக்கே சந்தோஷம். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், மடையன்.

மறுநாள் காலை, கொழும்புக்குத் தேயிலை ஏற்றிய லொறி கிளம்பத் தயாராக நின்றது. மாலைக்குள் கொழும்பில் இறக்காவிட்டால் அந்த வார ஏலம் தவறிவிடும். லொறிக்கு ஓர் அனுப்புச் சீட்டு வேண்டும். அது மூன்று தாள் ஒட்டியது: வெள்ளை ஆபீசுக்கு, மஞ்சள் டிரைவருக்கு, ரோஸ் கேட்டுக்கு. மேல் தாளில் குத்தினால் கீழ்த் தாள்களிலும் அதே கொப்பி விழும். குத்தினால்தான் விழும். லேசர் பிரிண்டர் எதையும் குத்துவதில்லை.

வெள்ளைத் தாள் அழகாக வந்தது. மஞ்சளும் ரோஸும் வெறுமையாக வந்தன. மூன்றையும் பிரித்துத் தனித்தனியாக விட்டேன். ரோஸ் தாள் உள்ளே சிக்கி, கசங்கி, துண்டு துண்டாக வந்தது. கடைசியில் இன்னொரு ரோஸ் தாளில் கையாலேயே எழுதிக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன்.

அப்பா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“மூணும் ஒரே அடியில விழுந்திருக்கணும். இது கையால எழுதுனது.”

“அப்பா, நான்தானே எழுதினேன்.”

“வீட்டுல நீ எம் மகன்தான். இங்க ரோஸ் கொப்பி வேணும்.”

பின்னால் லொறி ஹோர்ன் அடித்தது. திரும்பி ஓடி, பழைய பிரிண்டரைச் சாக்குத் தூசியோடு தூக்கிவந்தேன். நாடாவை எந்தப் பக்கம் மாட்டுவது? தாளின் ஓரத்து ஓட்டைகள் எதில் உட்கார வேண்டும்? தாள் கோணிக்கொண்டு போய்க் கிழிந்தது. கிளாக்கர் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மிஸ்ஸுக்கு போன் எடுத்தேன்.

“எட்டாம் அத்தியாயம் படிச்சனீரோ?” என்றார் மிஸ்.

“இல்லை மிஸ்.”

“நீர்தானே அந்தக் கடிதம் எழுதினது?”

“ஆமாங்க மிஸ்.”

பிறகு பத்துப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் போனிலேயே சொல்லிக்கொடுத்தார்.

லொறி போனபோது மதியம் தாண்டியிருந்தது. ஏலம் தவறியது. மாதக் கடைசியில் என் வேலையும் போனது. அம்மா ஒரு வாரம் கோயில் பக்கமே போகவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

இப்போது பண்டாரவளையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வருவதில் பாதி அந்தப் பழைய பிரிண்டர்கள்தான். சாகவே மாட்டேன் என்கின்றன. போன மாதம் மிஸ் போன் எடுத்தார். புதிய பாடத்திட்டத்தில் எட்டாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டார்களாம். “உம்மட கடிதத்துக்கு இப்பதான் பதில் வந்திருக்கு,” என்றார். எனக்கு வந்த எரிச்சலில், அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினேன்.

வீட்டில் சாப்பிடும்போது அதை எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அவர் சோற்றைப் பிசைந்தபடி கை நீட்டினார்.

“ரோஸ் கொப்பி எங்க?”