அறிவுச்செல்வன் மலையை இடம் வந்த கதை

இந்தப் பௌர்ணமிக்குள் எரிமலைச் சுற்றில் முதலிடம் பிடித்தே தீருவது என்று அறிவுச்செல்வன் சபதம் எடுத்தார். கேட்க ஆளில்லை. மனைவி அருணாதேவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

எரிமலைச் சுற்று என்பது அவர் டிவியில் ஆடும் பந்தய விளையாட்டு. ஒரு பிக்கப் டிரக்கில் சேறு, பாறை, பள்ளம் எல்லாம் தாண்டி மலையைச் சுற்றி வர வேண்டும். அந்த டிரக்கை அவர் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தார். சேற்றுக்குத் தக்கபடி டயரில் காற்றைக் குறைப்பார். ஸ்பிரிங்கைத் தளர்த்துவார். ஆயுத பூஜையன்று ஜாய்ஸ்டிக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததில் ஒரு பட்டன் ஒட்டிக்கொண்டு, டிரக் ஒரு வாரம் பின்பக்கமாகவே போனது. வாசலில் நின்ற நிஜ ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கத்தான் அவருக்கு நேரமில்லை. வேங்கிக்கால் ஆபீசுக்கு அதைத் தள்ளிக்கொண்டே போன நாட்கள் உண்டு.

ஒரே ஒரு குறை. கடைசி வளைவில் டிரக் தவறாமல் கவிழ்ந்தது.

"பாறை தட்டுதுன்னு வண்டியை அவ்ளோ உசரம் தூக்கி வச்சா, கவிழாம என்னங்க பண்ணும்?" என்றாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அருணா. "கொஞ்சம் எறக்குங்க. இங்க குடுங்க, ஒரு வாட்டி நான் ஓட்டிப் பாக்கறேன்."

"இதுக்குப் பேரு டியூனிங். உனக்குப் புரியாது. நீ வெங்காயத்தைப் பாரு."

அருணா வெங்காயத்தைப் பார்த்தாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி.

போட்டி பௌர்ணமி இரவோடு முடிகிறது. அன்று அருணா பக்கத்து வீட்டு ஜோதியம்மாளோடு கிரிவலம் போய்விடுவாள். வீடு காலி, டிவி காலி. ஆனால் புறப்படும்போது "நீங்களும் வாங்க" என்று இழுப்பாளே? அதற்காகவே முன்கூட்டி அறிவுச்செல்வனுக்கு முட்டிவலி வந்தது. தைலம் வாங்கினார். அதை அருணாவையே தேய்த்துவிடச் சொன்னார். நன்றாக நொண்டினார். எந்தக் காலில் வலி என்பதுதான் அவ்வப்போது மறந்துபோயிற்று.

பௌர்ணமியும் வந்தது. அருணா புடவை மாற்றிக்கொண்டு தயார். ஜோதியம்மாளும் வந்தாயிற்று. அவர்கள் படியிறங்கும் வரை பொறுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அறிவுச்செல்வனுக்குக் கை அரித்தது. பந்தயத்தைத் தொடங்கிவிட்டார்.

அருணா அவர் பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, மலை எந்தப் பக்கம் இருக்கு?"

"எடது பக்கம்."

"எடது பக்கமா? மலையை எடமாவா சுத்தறீங்க?"

திருவண்ணாமலையில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும், மலை வலக்கைப் பக்கம்தான் இருக்க வேண்டும். ஜோதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயையோ! எத்தினி வாட்டி சுத்தினாரு?"

இங்கேதான் அறிவுச்செல்வன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "எத்தினி வாட்டியா? சித்திரையிலேர்ந்து டெய்லி சுத்தறேங்க! இந்த ஜில்லாவுலயே என் அளவுக்குச் சுத்தினவன் கெடையாது."

"பௌர்ணமியிலயுமா?"

"அன்னிக்குதான் ஜாஸ்தி."

"போச்சு!" என்றாள் அருணா.

"அடியே, இது கேமு! அந்த மலை எங்கயோ அமெரிக்கா பக்கம் இருக்கு!"

"மலைன்னா மலைதாங்க. வெறும் கேமுன்னா, கவிழும்போதெல்லாம் எதுக்கு அண்ணாமலையாரேன்னு கத்தறீங்க? இன்னிக்கே சரியான பக்கமா ஒரு சுத்து போய்ட்டு வந்துடுங்க. எல்லாம் கழிஞ்சுடும்."

"எனக்கு முட்டி வலிக்குதே அருணா."

"முட்டி ஏன் வலிக்குதுன்னு இப்பதானே தெரியுது!" என்றாள் ஜோதியம்மாள்.

அறிவுச்செல்வன் யோசித்தார். வலி இல்லை என்றால் நடக்க வேண்டும். வலி உண்டு என்றால் நடந்தே ஆக வேண்டும். சட்டையை மாட்டினார்.

"நீ வரலியா?"

"பரிகாரத்துக்குப் போறவரு தனியாதாங்க போகணும். நான் வீட்ல வெளக்கேத்தி வச்சிட்டு உக்காந்திருக்கேன். அக்கா, நடுவுல ஆட்டோ ஏறிடுவாரு, பாத்துக்குங்க."

ஜோதியம்மாள் பார்த்துக்கொண்டாள். ஆட்டோ ஹாரன் கேட்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவருடைய வெறுங்காலில் ஒவ்வொரு கல்லும் பேசியது. டிரக்குக்கு வைத்த ஸ்பிரிங்கில் ஒன்றைத் தன் காலுக்கு வைத்திருக்கலாம் என்று அறிவுச்செல்வனுக்குத் தோன்றியது. பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை வருவதற்குள் முட்டி நிஜமாகவே வலித்தது, அதுவும் இரண்டு முட்டியும். ஒரு டீக்கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் படும் பாட்டைப் பார்த்து ஜோதியம்மாளுக்கே பாவமாகிவிட்டது. இரண்டு டீ சொல்லப் போனாள்.

போனில் ஒரு சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்தார்.

'எரிமலைச் சுற்றில் முதலிடம்! வாழ்த்துகள் அறிவுச்செல்வன்!'

மறுபடி படித்தார். உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"அருணா! என் டிரக்கை யாரு ஓட்டறது?"

"நான்தாங்க. நீங்க ஆபீஸ் போனப்புறம் தினம் கொஞ்சம் பழகினேன். உசரத்தை எறக்கினதும் கவிழவே இல்ல பாருங்க."

"அடிப்பாவி! நீயும் எடமாத்தானே சுத்தின? அது பாவமில்லையா?"

மறுமுனையில் எஞ்சின் உறுமியது.

"பாவம்தாங்க. அதைச் சொல்லத்தான் நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். எப்படியும் அங்கதானே இருக்கீங்க? எனக்கும் சேத்து இன்னொரு சுத்து சுத்திட்டு வந்துடுங்க."