தோளில் இருந்த கை

இருபத்தைந்து வருஷமாகத் தன் இடது தோளின் மேல் இருக்கும் அந்தக் கையை எடுத்தே தீருவது என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கும்போதே, ஞானசிங் முடிவு செய்துவிட்டார்.

கை நிஜத் தோளில் இல்லை. போட்டோவில் இருந்தது. சித்தூர் வீட்டு ஹாலில் டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோ. ஒரு பக்கம் எலிசபெத், வெள்ளைப் பட்டு, தலையில் நெட், கையில் பூச்செண்டு. இன்னொரு பக்கம் ஞானசிங், கோட்டு, டை, பளபளவென்று ஷூ. இருவருக்கும் நடுவே, பின்னால், ஒரு தலை உயரமாக, கட்டம் போட்ட சட்டையில் எலிசபெத்தின் அண்ணன் பிலிப். அவருடைய கைதான் ஞானசிங்கின் தோளில் இருந்தது. பாசமாகச் சும்மா வைத்த கை என்றால் மன்னித்துவிடலாம். இது கோட்டைக் கொத்தாகப் பிடித்த கை. ரேணிகுண்டா ஸ்டேஷனில் பிக்பாக்கெட்டைப் பிடித்த போலீஸ்காரர் பேப்பருக்கு போஸ் கொடுத்த மாதிரியே இருக்கும்.

சிலிண்டர் போட வருகிறவர் முதற்கொண்டு எல்லாரும் கேட்டாயிற்று, மாப்பிள்ளை ஓடிவிடுவார் என்றா பிடித்திருக்கிறார்கள் என்று. ஞானசிங்கும் கூடவே சிரித்துச் சமாளித்துவிடுவார். ஆனால் போன ஞாயிறு புதுப் பாஸ்டர் சாம் ஐயா வீட்டுக்கு வந்தார். வெள்ளி விழா ஸ்தோத்திரக் கூட்டத்தைப் பற்றிப் பேச வந்தவர், டீ ஆறுகிற வரைக்கும் அந்தப் போட்டோவையே பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, மாப்பிள்ளையிடம் அன்றைக்கு முழுச் சம்மதம் கேட்டார்களா என்று விசாரித்தார். எலிசபெத்துக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. ஞானசிங் சிரிக்கவில்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டதால் கல்யாணத்துக்கு மிஞ்சிய ஒரே படம் இதுதான். வருகிற ஞாயிறு கூட்டத்துக்கு இதையேதான் பத்தடி ஃப்ளெக்ஸாக அடித்துக் கோயில் வாசலில் கட்டப் போகிறார்கள். நிகழ்ச்சித் தாளின் அட்டையிலும் இதுதான். பத்தடிப் படத்தில் அந்தக் கை ஒரு முறம் அளவுக்கு இருக்குமே, நினைத்தாலே தோள் வலித்தது அவருக்கு.

ஆகவே திட்டம் போட்டார். எலிசபெத்திடம், படத்தின் மூலையில் பூஞ்சை பிடித்திருக்கிறது, ஸ்டூடியோவில் கொடுத்து க்ளீன் பண்ணிக்கொண்டு வருகிறேன் என்றார். ஞாயிறு அன்று ஏர்பேட்டிலிருந்து பிலிப் வந்து, ஃப்ளெக்ஸைப் பார்த்து, நான் எங்கே என்று கேட்டால் அதற்கும் பதில் தயார். பூஞ்சை தின்றுவிட்டது மச்சான், உங்களிடம் ஆரம்பித்து என்னிடம் வருவதற்குள் நல்லவேளை நிறுத்திவிட்டோம்.

எலிசபெத் படத்தைக் கழற்றி, தூசி தட்டி, பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தாள். பத்திரம் என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள். அவள் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாலே சாதாரணமாக ஞானசிங் உஷாராகிவிடுவார். அன்றைக்கு ஆகவில்லை.

அவருக்கு வேலை பங்காருபாளையம் மண்டல ஆபீஸில். மாங்காய் சீசன் முடிந்து ஊரே ஓய்ந்திருந்தது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால், போட்டோவைப் போனில் படம் பிடித்து, புதிதாக இறக்கிவைத்திருந்த ஒரு ஆப்பில் போட்டார். யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும், படத்தில் முக்கியமான ஆட்களை அதுவே கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் வேண்டாததை எல்லாம் எடுத்துவிடுமாம். பிலிப் பின்னால்தானே நிற்கிறார்? ஞானசிங் தட்டினார்.

வேண்டாதது போய்விட்டது. எலிசபெத் இருந்தாள். பிலிப் இருந்தார், மீசை முடி ஒன்றுகூடக் குறையாமல். ஞானசிங்கைக் காணோம்.

இன்னொரு முறை தட்டினார். மறுபடியும் அவர் போனார். மூன்றாவது தடவை பூச்செண்டையும் சேர்த்து அழகாக வைத்துக்கொண்டு அவரை மட்டும் எடுத்துவிட்டது. பூச்செண்டு முக்கியம், மாப்பிள்ளை பேக்ரவுண்டு. இதை அந்த ஆப்புக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று அவருக்கு எலிசபெத்தின் மேலேயே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் சித்தூர் திரும்பியதும் நேரே ஸ்டூடியோவுக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டரில் உட்காருவது காவ்யா. கட்டிங் போடுவதில் கெட்டிக்காரப் பெண். படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு, ஓரம் ஓரமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போவாள். காது மடலைச் சுற்றி நாற்பது புள்ளி வைப்பாள். கத்தரித்த ஆள் இருந்த இடத்தில் பக்கத்துச் சுவரையும் பூவையும் எடுத்து ஒட்டினால், அங்கே ஆள் இருந்ததாகச் சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் பிலிப் போய்விட்டார். பின்னால் கோயில் வளைவும் காகிதப் பூவும் ஜோராக வந்தன. ஞானசிங்குக்குச் சந்தோஷத்தில் எழுந்து நின்று பாடலாம் போல இருந்தது.

"அயிபோயிந்தி ஸார், முடிஞ்சிச்சி, ஆளை எடுத்தாச்சி," என்றாள் காவ்யா. "ஆனா கை மட்டும் உங்க தோள் மேலயே கீது. கோட்டைக் கெட்டியா புடிச்சிக்கினு கீது ஸார். இன்னா பண்றது?"

ஆள் இல்லாத கை ஒன்று தோளில் உட்கார்ந்திருப்பது, ஆளோடு இருந்ததைவிட மோசமாக இருந்தது. ஞானசிங்குக்கு ரத்தம் கொதித்தது. இருபத்தைந்து வருஷ ஆத்திரம் அவ்வளவும் ஒரே வாக்கியமாக வந்தது.

"இந்தப் படத்துல பிலிப் சம்பந்தப்பட்டது ஒண்ணுகூட இருக்கக்கூடாதும்மா. இன்னா இன்னா கீதோ, எல்லாத்தையும் எடுத்துடு."

காவ்யா அதை அப்படியே கவரின் மேல் எழுதிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னாள்.

இங்கேதான் ஞானசிங்குக்குத் தெரியாத ஒரு விஷயம். ஸ்டூடியோ நோட்டில் 'ஞானசிங் ஸார்' என்ற பெயருக்கு நேரே இருந்தது எலிசபெத்தின் நம்பர். ரேஷன் கார்டு போட்டோ எடுத்த காலத்தில் அவரேதான் கொடுத்தார், தன் நம்பர் தனக்கு ஞாபகம் இல்லாததால்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்தபோது ஸ்டூடியோ கவர் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. பக்கத்தில் சூடாகப் போண்டா. போண்டாவைப் பார்த்தாவது அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"காவ்யாவுக்கு ஒரு டவுட்டாம், செவ்வாக்கிழமை எனக்கு போன் பண்ணிச்சி," என்றாள் எலிசபெத். "பிலிப் சம்பந்தப்பட்டது எதெதுன்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும், பாவம்? நானே போய்ப் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டு வந்தேன். பிரிச்சிப் பாருங்க."

அவர் கவரைப் பிரித்தார்.

படத்தில் கோயில் வளைவு இருந்தது. காகிதப் பூ இருந்தது. நடுவில் ஞானசிங் நின்றார். இருபத்தாறு வயது முகம், எண்ணெய் வைத்து வாரிய தலை, வெட்கச் சிரிப்பு. கழுத்துக்குக் கீழே பனியன். பனியனுக்குள்ளே ஐம்பத்தொரு வயதுத் தொப்பை. போன சீசனில் கொல்லையில் உட்கார்ந்து பனியனோடு மாம்பழம் தின்றுகொண்டிருந்தபோது எலிசபெத் எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. நெஞ்சில் மாம்பழக் கறைகூட அப்படியே வந்திருந்தது. காலில் ஒன்றும் இல்லை, பத்து விரலும் தெரிந்தன.

அவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். எலிசபெத் போண்டாத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, படத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கோட்டு பிலிப்போடது. எடுத்தாச்சி. வெள்ளைச் சட்டை, டை, பிலிப்போடது. எடுத்தாச்சி. ஷூ பிலிப்போடது. பேண்ட்டு உங்களுது, அதனால விட்டு வெச்சிருக்கு."

ஞானசிங்குக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மறந்திருந்தால்தானே வருவதற்கு? கல்யாணத்துக்கு முதல் நாள் திருப்பதியில் தைக்கக் கொடுத்திருந்த கோட்டு, புதுச்சட்டை, டை, ஷூ எல்லாம் ஒரே பையில் வாங்கிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினார். சித்தூரில் இவர் இறங்கினார். பை இறங்கவில்லை. மறுநாள் காலை, கோயில் மணி அடித்த பிறகு, பின்னறையில் பனியனோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த மாப்பிள்ளையிடம் பிலிப் வந்தார். தான் போட்டிருந்த கோட்டையும் வெள்ளைச் சட்டையையும் டையையும் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டார். ஷூவைக் கழற்றி, உள்ளே நியூஸ் பேப்பரைத் திணித்து, குனிந்து கயிறும் கட்டிவிட்டார். ஊரிலிருந்து வரும்போது போட்டுவந்த கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, தங்கையைக் கைபிடித்து நடத்திவந்தார்.

இந்தக் கதை மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு ஞானசிங் சொல்வது, அது திருப்பதி ஸ்பெஷல் டெய்லர் அளவெடுத்துத் தைத்த கோட்டு.

"அண்ணன் இன்னாத்துக்குப் பின்னால நின்னான்?" என்று எலிசபெத் கேட்டாள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "வெறுங்காலு படத்துல தெரியக்கூடாதுன்னு. உங்க தோளை இன்னாத்துக்குப் புடிச்சான்? அவன் கோட்டு உங்களுக்கு ரெண்டு பேரு நுழையறாப்புல தொளதொளன்னு இருந்திச்சி. பின்னால கொத்தா புடிச்சி இழுத்து, முன்னால சரியா தெரியறாப்புல நின்னான். போட்டோக்காரன் லைட்டை மாத்தி மாத்தி வெக்கிற வரைக்கும் புடிச்சிக்கினே நின்னான்."

ஞானசிங் படத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். ஒரு சந்தேகம் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"நீ எங்க எலிசபெத்து? உன்னையும் காணோமே."

"என்னை யாரு இட்டுக்கினு வந்து உங்க கையில குடுத்தது? நானும் பிலிப் சம்பந்தம்தானே. எடுத்தாச்சி."

படத்தில் ஞானசிங்கின் வலது கை மட்டும் ஒன்றும் இல்லாத காற்றைப் பிடித்தபடி நீண்டிருந்தது. அப்போதுதான் இடது தோளைக் கவனித்தார். பனியன் பட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி அந்தக் கை மட்டும் அங்கேயே இருந்தது.

"அதை மட்டும் நான் எடுக்க விடல," என்றாள் எலிசபெத். "அதை எடுத்துட்டா நீங்க நிக்க மாட்டீங்க."

போன வருஷம் திருப்பதி ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷன் முடிந்து, வராண்டாவில் நடக்கவைத்தார்களே, பதினொரு நாள், அப்போதும் இதே தோளில் இதே கைதான் இருந்தது. ஞானசிங் எடுத்த போண்டாவைத் தட்டிலேயே வைத்தார்.

"நன்றி சொல்லத்தான் கூட்டம் வெக்கிறோம்," என்றாள் அவள். "நன்றி சொல்ல வேண்டிய ஆளையே கட் பண்ணிட்டு யாருக்குச் சொல்லப் போறோம்? உங்களுக்கு எந்தப் படம் வேணுமோ சொல்லுங்க. அதையே ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லிடறேன்."

எந்தப் படம் என்று அவர் சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அன்றிலிருந்து ஞானசிங் வேறு ஒரு யோசனையும் செய்தார். யாரும் சொல்லாமல், யாருக்கும் சொல்லாமல், தானாகவே ஒரு பெரிய காரியம் செய்யப் போகிறார். கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடப் போகிறார். எலிசபெத் அசந்து போவாள். வெள்ளிக்கிழமை தோற்றதற்கு ஞாயிற்றுக்கிழமை வெற்றி.

ஞாயிறு வந்தது. வாசலில் பத்தடிக்கு மூன்று பேரும் நின்றார்கள். பிலிப் ஏர்பேட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து, ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்து, என்னை இவ்வளவு பெரிசா இன்னாத்துக்குப் போட்டீங்க மாப்பிள்ளை என்று கூச்சப்பட்டார். உள்ளே ஒரே புழுக்கம். வாசலில் கொடுத்த நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொண்டே ஞானசிங் சமயம் பார்த்திருந்தார். ஒரு கீர்த்தனை முடிந்து சபை உட்கார்ந்ததும், பாஸ்டர் சாம் ஐயா வாயைத் திறப்பதற்கு முன்னால் எழுந்துவிட்டார்.

"அந்தப் படத்துல கீற கோட்டு என்னுது இல்ல," என்று ஆரம்பித்தார். சட்டை என்னுது இல்லை, டை என்னுது இல்லை, ஷூ என்னுது இல்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பெங்களூருக்குப் போன பை, நியூஸ் பேப்பர் திணித்த ஷூ, ஆஸ்பத்திரி வராண்டா, ஒன்றையும் விடவில்லை. சபை சிரித்தது, அப்புறம் கண்ணைத் துடைத்தது. கடைசியில், இந்தக் கை இல்லாவிட்டால் இந்த இருபத்தைந்து வருஷம் இல்லை, கடவுளுக்கு அடுத்து மச்சானுக்குத்தான் ஸ்தோத்திரம் என்று முடித்தார். பிலிப் வந்து கட்டிக்கொண்டார். கை சரியாக அந்தத் தோளிலேயே விழுந்தது. ஞானசிங்குக்கு அது பாரமாகவே இல்லை.

மனசு பஞ்சாக லேசாகி வந்து உட்கார்ந்தார். எலிசபெத்தைக் கம்பீரமாகத் திரும்பிப் பார்த்தார். அவள் கண் நனைந்திருந்தது. ஆனால் அசந்த மாதிரி தெரியவில்லை. அவர் மடியில் கிடந்த நிகழ்ச்சித் தாளை எடுத்து, பிரித்து, அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'7. நன்றியுரை: திரு. ஞானசிங் (கோட்டு, சட்டை, டை, ஷூ குறித்து).'

"இது எப்ப அடிச்சது?" என்றார்.

"புதன்கிழமை."

"எனக்குக் கவரைக் காட்டுனதே வெள்ளிக்கிழமைதானே?"

"ஆமா," என்று பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள் எலிசபெத். "ஏழாவதாத்தான் போட்டிருந்தேன். நீங்க ஆறாவதுலயே எழுந்துட்டீங்க."