அல்லியின் செவுள் பற்றிய மனு

ஒரு காட்டில், குழாயில் காற்று தினமும் தண்ணீர் எப்போதாவதும் வரும் கீழத்தெருவில், தேனப்பன் என்ற கரடியார் குடியிருந்தார். கண்ணாடித் தொட்டியில் ஆக்ஸலாட்டல் என்ற நீர்ப்பிராணி ஒன்றைப் பெற்ற பிள்ளை போல வளர்த்துவந்தார். பெயர் அல்லி. நாலு குட்டைக் கால், எந்நேரமும் சிரித்த வாய், தலைக்குப் பின்னால் சிவப்பு இறகுகள் மாதிரி ஆறு செவுள்கள். அவற்றால்தான் அவள் தண்ணீருக்குள் மூச்சுவிட்டாள்.

ஒருநாள் குழாயில் பழுப்பாக ஏதோ வந்தது. அழுகின முட்டை நாற்றம். இரண்டே நாளில் அல்லியின் செவுள்கள் வெளுத்துச் சுருங்கின. மண்புழுவை நீட்டினாலும் திரும்பிக்கொண்டாள்.

"என்னம்மா பண்ணுது?"

"மூச்சு முட்டுதுப்பா" என்றாள், சிரித்த வாய் மாறாமல்.

தேனப்பன் துள்ளி எழுந்தார். பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு காட்டுக் குடிநீர் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே அதிகாரி ஒரு கொக்கு.

"தண்ணி கெட்டுப்போச்சு சார்."

"அதை நாங்க சொல்லணும். முதல்ல படிவத்துல செவுள் நீளத்தை எழுதுங்க."

வீட்டுக்கு ஓடி அளந்து வந்து எழுதிக் கொடுத்தார். மறுநாள் நேரில் வந்து அளந்த கொக்கு முகம் சுளித்தார். "மூணு மில்லிமீட்டர் குறையுதே! பொய்த் தகவலா? வேற படிவம் எழுதுங்க."

அதை எழுதி முடிப்பதற்குள் செவுள் இன்னும் சுருங்கியது.

"நான் ஊற்றுத் தண்ணியாவது கொண்டுவந்து ஊத்தட்டுமா சார்?"

"ஊத்தலாம். ஆனா குறை போயிடும், மனு செல்லாது."

எழுதின மனு வீணாகக் கூடாதே என்று தேனப்பன் ஊற்றவில்லை.

பன்னிரண்டாம் நாள் கடைசிச் செவுளும் உதிர்ந்தது. தேனப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு கதறினார். தொப்பென்று சத்தம். பார்த்தால், அல்லி தொட்டியைத் தாண்டித் தரையில் நின்று நெஞ்சு விம்ம மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வெளியில காத்து பரவாயில்லையே!"

தேனப்பன் அவளை வாரி அணைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கொக்கு வந்தார், அளந்தார், எழுதினார்: "செவுள் நீளம் பூஜ்ஜியம். இனித் தண்ணீர் தேவையில்லை. குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது."

மறுநாள் காலை தெருமுனையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: "கீழத்தெரு மீன்கள் அனைவரும் வெள்ளிக்கிழமைக்குள் இதே முறையைப் பின்பற்றவும்."

நீதி: நல்ல தண்ணீர் கேட்டு மனுக் கொடுக்கும் முன், உனக்கு நுரையீரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.