காருக்குள் இருந்த ஜப்பான்காரி

சனிக்கிழமை காலையில் மனைவிக்குத் தெரியாமல் வீட்டைவிட்டு நழுவுவதற்காகத்தான் நான் ஹைபிரிட் கார் வாங்கினேன். பெட்ரோல் மிச்சம், புகை கம்மி என்று ஊருக்குச் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. பேட்டரியில் கிளம்பும்போது அது சத்தமே போடாது.

என் பழைய காரின் சாவியைத் திருகினால் எங்கள் ஊர் அரிமாவில் பாதிப் பேர் எழுந்து பல் துலக்கப் போய்விடுவார்கள். என் மனைவி எஸ்மி கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிடுவாள்.

"எங்க கிளம்பிட்ட, மனுஷா? என் பானையை யாரு சந்தைக்குக் கொண்டுபோறது?"

சனிக்கிழமை சந்தையில் எஸ்மி பெலாவ் விற்பாள். கருக்கிய சர்க்கரையில் கோழியும் துவரையும் அரிசியும் சேர்த்து வேகவைத்த சோறு. இரண்டு பானை. ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். அதே காலையில், ஏழு மணிக்கு, பக்கத்து ஊரான டுனாபுனாவில் எங்கள் சீட்டாட்டம். நாலு பேர் ஆட்டம். ஏழு அடிக்கும்போது நான் இல்லையென்றால் என் நாற்காலியில் வேறு ஒருத்தன் உட்கார்ந்துவிடுவான். அந்த நாற்காலியைக் காப்பாற்றுவதுதான் அப்போது என் வாழ்க்கை லட்சியம்.

ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டு விற்று, கப்பலில் எங்கள் தீவுக்கு வந்த கார் அது. வாங்கப் போன அன்று நான் பொத்தானை அழுத்தி அழுத்தி அதன் மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எஸ்மி அளவு நாடாவோடு பின்பக்கம் குனிந்திருந்தாள். பின்கதவு கூரை உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளும். பின்சீட்டை மடக்கினால் தரை சமமாகிவிடும். "ரெண்டு பானையும் ஒரு குடையும் போகும்" என்றாள். கடைக்காரர் காகிதங்களை நீட்டினார். அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் நான் கையெழுத்துப் போட்டேன். எஸ்மி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தாள். வரிக்கு வரி படிப்பது அவள் வியாதி.

மறுநாள் டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாரும் காரைச் சுற்றி நின்றார்கள். பக்கத்து வீட்டு சூக்ராம், முப்பது வருஷ டாக்ஸிக்காரன், கையில் டபுள்ஸ், அதுதான் கடலைக்கறி வைத்த ரொட்டி, பொட்டலத்தோடு இரண்டு சுற்று வந்தான்.

"முன்னால பாத்தா இகுவானா ஓணான். பின்னால பாத்தா இஸ்திரிப் பெட்டி. இதை யாருப்பா வரைஞ்சது?"

"காத்தைக் கிழிச்சுப் போகத்தான் அந்த வடிவம்" என்றேன்.

"இந்த நெரிசல்ல காத்து எங்கடா ஓடுது? காரே ஓடல."

இன்னொருத்தன் சொன்னான்: "இதே மாதிரி ஒண்ணை மராக்காஸ் மலையில ஏத்திப் பாத்தேன். நின்ன இடத்துலேருந்து சும்மா ஜிவ்வுனு எடுக்குது. பாதி மலைக்கு மேல கொஞ்சம் முனகும். என் மாமியாரும் அப்படித்தான்."

"சத்தமே வராதே, ஆடு எப்படி எந்திரிக்கும்?" என்று மூன்றாமவன் கவலைப்பட்டான். ரோட்டில் படுத்திருந்த ஆட்டின் பக்கமாகக் காரை உருட்டிப் பார்த்தோம். ஆடு அசைபோடுவதை நிறுத்தவில்லை. என் நெஞ்சு குளிர்ந்தது. ஆட்டுக்கே தெரியவில்லை என்றால் எஸ்மிக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை வந்தது. எஸ்மி அடுப்படியில் இருந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினேன். மௌனம். பேரானந்தம். அடுத்த நொடி காருக்குள்ளிருந்து ஒரு பெண் கணீரென்று பேசினாள்:

"காடோ கா ஸோன்யூ ஸரேதே இமாஸென்!"

கடையில் அழுத்தியபோதும் ஸ்டாண்டில் உருட்டியபோதும் இவள் வாயே திறக்கவில்லை. கடைக்காரர் சத்தத்தை அடைத்து வைத்திருப்பார் போல; முந்தின ராத்திரி ரேடியோ கேட்க நான்தான் அதைக் கூட்டிவைத்திருந்தேன். சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது.

"யாரவ?"

"யாரும் இல்ல, எஸ்மி."

"பொம்பளைக் குரல் கேட்டுதே. காலங்காத்தால காருக்குள்ள எவளை வச்சிருக்க?"

"ஜப்பான்காரி. மெஷின். காரே பேசுது."

கோபம் வரும் என்று பார்த்தேன். எஸ்மியின் கண்கள் அகலமாயின. கரண்டியோடு வந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"என்ன சொல்றா? உனக்குத்தான் ஜப்பான் மொழி தெரியுமே!"

இங்கே ஒரு பழைய பாவத்தைச் சொல்ல வேண்டும். எஸ்மியைக் கட்டுவதற்கு முன் போர்ட் ஆஃப் ஸ்பெயின் துறைமுகத்தில் ஜப்பான் மீன்படகுகளில் நான் மூன்று மாதம் மூட்டை தூக்கினேன். அவளை மயக்குவதற்காக அதை மூன்று வருஷமாக்கி, அவர்கள் மொழியும் அத்துப்படி என்று சொல்லியிருந்தேன். எனக்குத் தெரிந்தது 'நன்றி' மட்டும்தான்.

"பின்சீட்டுக்கு அடியில பேட்டரி இருக்காம்" என்றேன். "சூடான பாத்திரம் வைக்கக் கூடாதாம்."

"அடப்பாவமே. வெடிச்சிருமா?"

"கறாரா சொல்றா."

"அப்ப நான் மாக்ஸி வேன்ல போய்க்கறேன். நீ பத்திரமாப் போ."

ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே நான் டுனாபுனாவில் இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பானைகளை ஆறவைத்துக்கொண்டு வந்தாள். ஜப்பான்காரி பேசினாள். "பின்னால கனம் கூடாதுங்கறா" என்றேன். அதற்கடுத்த வாரம் ஒரே ஒரு சின்னப் பானை. "ஈரக் காத்து இன்னிக்கு. ஒருத்தர்தான் ஏறலாமாம்." எஸ்மி ஒவ்வொரு தடவையும் தலையாட்டிக்கொண்டு கேட்பாள். அவளுக்குப் பாட்டுக் காது. தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருஷம். இரண்டே வாரத்தில் அந்த வாக்கியத்தைச் சோறு கிண்டிக்கொண்டே பாட ஆரம்பித்துவிட்டாள்.

"ஆல்ட்வின், அந்தக் 'காடோ'ன்னா என்ன?"

"பானை."

"ஸோன்யூ?"

"கூடாது."

"போன வாரம் கனம்னும் அதைத்தான சொன்னா? அதுக்கு முந்தி சூடுன்னும் அதையேதான் சொன்னா?"

"ரொம்பச் சிக்கனமான மொழி, எஸ்மி. ஒரே வாக்கியத்துல நிறைய அடக்கிடுவாங்க."

"அதிசயமா இருக்கே" என்றாள். "நீ ஒரு வாக்கியம் பேசினா அதுல ஒண்ணுமே இருக்காது."

இப்படி மூன்று மாதம். புதன்கிழமைகளில் தேவாலயத்துப் பெண்கள் கூட்டம் என்று எஸ்மி வெளியே போக ஆரம்பித்தாள். போகட்டும் என்று இருந்தேன். ஜெயித்துக்கொண்டிருக்கிறவனுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது.

ஒரு சனிக்கிழமை நான் வெளியே வந்தபோது எஸ்மி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சந்தைக்குப் போடும் பூத்தொப்பி தலையில். பின்னால் இரண்டு பானையும் ஒரு குடையும், அளவெடுத்தது போல. சூக்ராம் வேலியில் சாய்ந்துகொண்டு டபுள்ஸ் தின்றுகொண்டிருந்தான். அவனோடு ஸ்டாண்டுக்காரர்கள் இரண்டு பேர்.

"எஸ்மி! உனக்கு ஓட்டத் தெரியாது. இறங்கு!"

ஜன்னல் வழியாக ஒரு அட்டையை நீட்டினாள். லைசென்ஸ். போட்டோவில்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பெண்கள் கூட்டம்னியே?"

"ஓட்டச் சொல்லிக்குடுத்தது தேவாலயத்துப் பொம்பளைதான். நான் பொய் சொல்லல."

பொத்தானை அழுத்தினாள். ஜப்பான்காரி பேசினாள்.

"கேட்டியா?" என்றாள் எஸ்மி.

"கேட்டேன். பானைய இறக்கச் சொல்றா."

"இல்லையே. இன்னிக்கு வேற சொல்றா. எண்பது கிலோவுக்கு மேல இருக்கற ஆம்பளை சனிக்கிழமையில ஏறக் கூடாதாம். மூணு மாசமாக் கேட்டுக்கேட்டு எனக்கும் பழகிருச்சு."

சூக்ராம் மெல்லுவதை நிறுத்தினான்.

"தப்புன்னா சொல்லு, ஆல்ட்வின்" என்றாள் எஸ்மி. குரலில் அப்படி ஒரு பணிவு. "நீதான் மூணு வருஷம் அவங்களோட இருந்தவன். நிஜமாவே என்னதான் சொல்றா அவ? எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு ஆசை."

"ஆமா, சொல்லு" என்றான் சூக்ராம். "மூணு வருஷம் இருந்தவன்ல நீ."

தப்பு என்று சொன்னால் சரி எது என்று சொல்ல வேண்டும். எனக்கு எது சரி என்று இந்த ஜென்மத்தில் தெரியாது. வேலியோரம் நின்ற மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"சரியாத்தான் சொல்ற" என்றேன்.

"எத்தனை கிலோன்னு சொன்னா?" என்றாள் எஸ்மி.

"எண்பது."

"மிஸ் எஸ்மி, பாத்துப் போங்க" என்றான் சூக்ராம்.

கார் கிளம்பியது. ஆடு எழுந்திருக்கவில்லை. எஸ்மி அதைச் சுற்றி அழகாக வளைத்துக்கொண்டு போனாள். அந்தக் காரின் மௌனத்தை அன்றுதான் வெளியே நின்று முழுசாக அனுபவித்தேன். நான் மாக்ஸி வேனில் டுனாபுனா போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு நாற்பது. என் நாற்காலியில் தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். நன்றாகவே ஆடினான்.

அதன்பின் ஒன்பது வருஷம் சனிக்கிழமைகளில் அது எஸ்மியின் கார். சந்தையில் யாராவது கேட்டால் அபிப்பிராயம் சொல்வாள்: "அழகு சுமார். மேட்டுல கொஞ்சம் முனகும். ஆனா சொன்ன பேச்சு கேக்கும். வீட்டுல எனக்கு இன்னொண்ணும் அப்படி இருக்கு."

எஸ்மி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. போன வாரம் காரின் முன்சீட்டுக்கு எதிரே உள்ள சிறு பெட்டியைத் துடைக்கும்போது, கடைக்காரர் கொடுத்த பழைய தாள் ஒன்று கிடைத்தது. 'காரை இயக்கும்போது ஜப்பான் மொழியில் கேட்கும் குரல், சுங்கச் சாவடிக்கான அட்டை செருகப்படவில்லை என்று மட்டும் சொல்கிறது. நம் நாட்டில் சுங்கச் சாவடி கிடையாது. பொருட்படுத்த வேண்டாம்.' அந்த வரிகளுக்கு அடியில் எஸ்மியின் பச்சை மையில் இரட்டைக் கோடு.

அதற்கும் கீழே, 'மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அச்சிட்ட இடத்தில் என் கையெழுத்து.