செம்மேட்டில் இறங்கிய பதற்றக்காரர்கள்

ஆர்வக்கோளாறுக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. எனக்கு அது முற்றியிருந்த காலத்தில்தான் ஒரு மனநல ஆராய்ச்சியில் உதவியாளர் வேலை கிடைத்தது.

கொல்லிமலையில் பதற்ற அறிகுறிகள் உள்ள தன்னார்வலர்களைச் சேர்க்க வேண்டும். மலையிலேயே தேவனூர் நாடு என்ற பகுதியில் நடந்த முகாமிலிருந்து, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா ஜீப்பில் வருவார். அன்றைக்கு ஒருவராவது தேறினால்தான் வேலை நிலைக்கும். இல்லையென்றால் நாமக்கல்லில் மாமா கடையின் கல்லாதான் (மாமாவோடு நாள் முழுக்க உட்காருவதை நினைத்தாலே மூச்சு முட்டும்).

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் டிரைவர் எங்களைக் குலுக்கி எடுத்து மலைமேல் செம்மேட்டில் இறக்கினார். என் நெஞ்சும் படபடவென்று அடித்தது. முதல் வேலையல்லவா, உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன். என்னோடு இறங்கிய ஓர் அக்கா சுவரைப் பிடித்தபடி நின்றார். ஓடினேன்.

"ஏனுங்க்கா, நெஞ்சு படபடங்குதுங்களா?"

"ஆமா கண்ணு."

"கை வேர்க்குதுங்களா? தலை சுத்துதுங்களா?"

"எல்லாந்தான் சாமி."

"ஏதோ கெட்டது நடக்கப்போவுதுன்னு பயமா இருக்குதுங்களா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வேகமாகத் தலையாட்டினார். (நடந்தேவிட்டது. என் புதுச் செருப்பின் மேல்.)

எனக்கோ கால் தரையில் பாவவில்லை! எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்த பெரியவர், மூட்டை மேல் சாய்ந்திருந்த அண்ணன், யாரைக் கேட்டாலும் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க." டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "மேடம், மலையே பதற்றத்துல இருக்குது! ஓடி வாங்க!"

யாரும் நழுவிவிடக் கூடாதே என்று எல்லாரையும் டீக்கடையில் உட்காரவைத்து டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன். டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது என் பதற்றக்காரர்கள் மிளகு விலை பற்றி உற்சாகமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என் போண்டாவையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இப்பப் படபடப்பு இருக்குதுங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க. அது பஸ்ஸேறுனா வாரதுங்க. டீ குடிச்சா சரியாப் போயிருமுங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேட்டியாம்மா?"

கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான். அவமானத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டியது, தலை சுற்றியது, மாமாவின் கல்லா கண்முன் வந்து நின்றது. அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பதறினார்: "ஏனுங்க டாக்டரம்மா, இந்தப் பொண்ணுக்குத்தான் எல்லாம் இருக்குது. இதையச் சேத்துக்கோங்க!"

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அக்கா குரலைத் தாழ்த்தினார். "என் தங்கச்சிக்குப் பஸ்ஸே ஏறாம, ஊட்டுல சும்மா உக்காந்திருந்தாலும் இப்பிடி வருதுங்க. மாசக்கணக்கா. கூட்டியாரட்டுங்களா?"

கூட்டிவந்தார். தங்கச்சியும் சேரச் சம்மதித்தார். என் வேலை பிழைத்தது.

இன்றும் வீட்டில் நான் எதற்காவது குதித்தால், என் கணவர் டீ டம்ளரை நீட்டி, "இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குனியா?" என்பார். (டீ குடித்தால் சரியாகித் தொலைக்கிறது. அதுதான் எரிச்சல்.)