கையெழுத்தில்லாத பதினான்கு வரிகள்

கையெழுத்தும் முகவரியும் இல்லாத கடிதத்தின் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது. 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கோப்பில் கட்டிவிட வேண்டும். வேலூரில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவரை இந்த விதியை நான் மீறியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு மீறினேன், என் வீட்டில்.

என் மனைவி வசந்தா ஐம்பத்தெட்டு வயதில் அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தாள். (எதற்கு என்று கேட்டேன். "உங்களோட பேசறத விட ஜாஸ்தி பிரயோஜனம்" என்றாள்.) ஒருநாள் அவள் பையில் என் மூக்குக் கண்ணாடியைத் தேடியபோது ஒரு தாள் கிடைத்தது. கையால் எழுதிய பதினான்கு வரி ஆங்கிலக் காதல். கண்கள் நட்சத்திரம், கன்னம் ரோஜா, உதடு பவழம். எழுதியவன் புயலில் சிக்கிய கப்பல். கையெழுத்து இல்லை. எழுத்து வசந்தாவுடையதும் இல்லை. ஆணுடையது என்று தீர்மானித்தேன் (ஆதாரம்: சாய்வு).

பக்கத்து வீட்டு ரஃபீக் பாயிடம் பொருள் சொன்னேன். ஆம்பூரில் தோல் தரம் பிரித்தே தலை நரைத்தவர்.

"இன்னா சார், ஒரு குறைகூட எழுதல? கீறல், உண்ணிக்கடி, தழும்பு இல்லாத தோலே கிடையாது. கிட்டக்க பாக்காதவன் எழுதினது சார் இது."

"யாரா இருக்கும் பாய்?"

"எதுக்கு பேஜாரு? அம்மாகிட்டயே கேட்டுடுங்க."

சம்பந்தப்பட்டவரை முதலில் விசாரித்தால் சாட்சியம் கலைந்துவிடும். கிட்டத்தில் பார்க்காதவர் யார்? மாதம் ஒருமுறை வகுப்பெடுக்கும் பேராசிரியர்! அன்றே அவரிடம் விளக்கம் கோரினேன். நட்சத்திரம் என்கிறீர்களே, என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தது தங்களுக்குத் தெரியுமா? ரோஜா எந்த நிறம்? கப்பல் எந்த வீட்டுக் கரையில் ஒதுங்க உத்தேசம்? மூலத் தாளை இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மாலையில் வசந்தா பையைக் கொட்டித் தேடினாள்.

"இதுல ஒரு பேப்பர் வெச்சிருந்தேனே, பாத்தீங்களா? நானூறு வருஷத்துப் பாட்டு, எங்க சார் புக்கைப் பாத்து எழுதிக் குடுத்தது. சொல்லையும் உவமையையும் விளக்கணும். கேள்வி பின்னாடி இருக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள அதோட சேத்து குடுக்கலன்னா ஒரு வருஷம் போச்சு."

பின்னாடி! பணிக்காலம் முழுக்க 'மறுபக்கம் பார்க்க' என்று எழுதிய கை என்னுடையது.

சொன்னேன். அவள் கத்தவில்லை. (கத்தியிருக்கலாம்.) "நாப்பது வருஷத்துல நீங்க எனக்கு ஒரு வரி எழுதல. எவனோ எழுதிட்டான்னு நெனச்சதும் ரிஜிஸ்டர் தபாலா?" என்றாள். அதற்குப் பிறகு சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. வெள்ளிக்கிழமையும் போய்விட்டது.

ஒருவழியாகப் பேராசிரியரின் பதில் வந்தது. தாளும் கூடவே திரும்பியிருந்தது. 'மாணவிக்கு இரண்டு வாரம் அவகாசம். கணவர் உவமைகளை நுணுக்கமாகச் சோதித்திருக்கிறார். காதலைத் தொடவே இல்லை. பத்துக்கு நான்கு.' (வசந்தா எட்டு வாங்கினாள். இன்றும் நான் சாம்பாரில் உப்பு கம்மி என்றால், "நாலு மார்க்கு, கம்முனு சாப்டுங்க" என்பாள். ரஃபீக் பாய் வரை பரவிவிட்டது.)

பதில் பெறப்பட்ட தேதியை வழக்கம்போல உறையின் மூலையில் குறித்தேன். எட்டிப் பார்த்த வசந்தா, பல நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"இன்னிக்கு நம்ம கல்யாண நாளுங்க."