உச்சி வெயிலில் பேசிய பற்கள்

இனி ஒரு பல்லையும் பிடுங்குவதில்லை என்று டொக்டர் நாகரெத்தினம் சபதம் எடுத்தார். எடுத்த நேரம் அவருடைய இடுக்கியில் ஒரு கடைவாய்ப் பல் இருந்தது.

"இதுதான் கடைசி," என்றார்.

வாய் நிறையப் பஞ்சு அடைத்திருந்த நோயாளி, தன் உயிரைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கதிரையை விட்டு எழும்பி ஓடப் பார்த்தார்.

சண்டைக் காலம் முழுக்க நாகரெத்தினம் குருக்கள்மடம் என்ற ஊரில் பல் பிடுங்கினார். கரண்ட் வராது. வந்தால் மருந்து வராது. வேரைச் சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்றும் வைத்தியம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும், நிலாவில் மனிதன் நடந்தது தெரிவதைப் போல. பல்வலி என்று வருபவர் முன்னறைக்குள் பல்லோடு வருவார், பல்லில்லாமல் போவார். ஊர் அவருக்கு வைத்த பெயர் கழட்டி டொக்டர்.

இப்போது சண்டை முடிந்துவிட்டது. பொதுப் பல் வைத்தியர்களுக்கு நவீன சிகிச்சை முறைகள் பற்றிய தொடர் கல்வி. இடம் கல்குடா, கடற்கரையில் புதிதாகக் கட்டிய ஹோட்டல். கொழும்பிலிருந்து பேராசிரியர் வருகிறார். நாகரெத்தினத்துக்கும் அழைப்பு வந்தது. கூடவே ஒரு சீடி. அதில் பாடமெல்லாம் படமாக ஓடும், பார்த்துவிட்டு வர வேண்டும். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வேர் உடையாத பிடுங்கிய பற்களைக் குளோரின் தண்ணீரில் போட்டுக் கொண்டு வர வேண்டும். அவற்றில்தான் பழகப் போகிறார்கள்.

பல்லுக்கா பஞ்சம்? இதுதான் கடைசி என்று சொல்லிச் சொல்லிப் பிடுங்கியதில் ஜேம் போத்தில் ஒன்று நிறையப் பற்கள் சேர்ந்தன. அலுமாரியின் மேல் வைத்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், யாருடைய வாயிலும் இல்லாத ஒரு சிரிப்பு அங்கே இருந்து சிரித்தது.

சீடி ஆங்கிலம். ஒரு வெள்ளைக்காரர் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு பல்லைப் பற்றிப் பேசினார். நாகரெத்தினம் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி சுதர்சனா கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. தொடங்கியதை முடிக்காமல் எழும்பினால் பாவம் என்று பழகியவளும்கூட. பாடத்தைக் கடைசி வரை பார்த்தாள்.

பார்த்துவிட்டுக் காதைக் கூர்மையாக்கினாள்.

"இஞ்சேருங்க. கடல்ட சத்தம் இண்டைக்கு ஒரு மாதிரி இல்லையா?"

நாகரெத்தினம் விழித்தார். "கடல் எண்டா சத்தம் வரும்தானே."

"சத்தம் வரல்ல. அதத்தான் சொல்றன்."

குருக்கள்மடத்தில் கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவில் ஒரு றோட்டு. அந்த றோட்டோரம் இவர்களுடைய வீடு. கடல் ஊருக்குள் வந்த அன்று சுதர்சனா கல்லடியில் ஒரு தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் தொங்கிக்கொண்டு நின்றவள். கீழே போன தண்ணீரில் யார் யார் போனார்கள் என்று அவள் சொல்வதில்லை. ஆனால் வாசற்கதவடியில் எப்போதும் ஒரு பை கிடக்கும். பிள்ளையின் சட்டை, பால்மா, டோர்ச். எடுத்தால் ஓடலாம். ஓட மேடு ஒன்று இல்லை என்பதுதான் அவளுடைய துக்கம்.

"டவுனுக்குப் போவம். மாடி வீடு ஒண்டு. பிள்ளையக் கொண்டு ஏறி நிக்க நாலு படியாவது வேணும்."

"போவம் புள்ள. கோர்ஸ் முடியட்டும்."

"சண்டை முடியட்டும் எண்டீங்க. முடிஞ்சிட்டு. பிள்ளை பொறக்கட்டும் எண்டீங்க. பொறந்து பல்லும் முளைச்சிட்டு."

"இது கடைசி."

பல் வைத்தியத்தில் தற்காலிக அடைப்பு என்று ஒன்று உண்டு. வெள்ளைப் பசையைக் குழியில் அப்பி, பிறகு வாங்க என்று அனுப்பி வைப்பது. நாகரெத்தினம் மனைவிக்குக் கொடுத்த வாக்கெல்லாம் அந்த இனம். டவுனில் சந்திக்குச் சந்தி பல் டொக்டர். இங்கே அவர் ஒருவர்தான். ராசா எங்காவது ராச்சியத்தை விட்டுப் போவாரா? கோர்ஸ் முடிந்ததும் அப்புவதற்கு அடுத்த பசையைக்கூட அவர் குழைத்து வைத்திருந்தார்: பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும்.

அந்த வாரம்தான் இலட்சுமிப்பிள்ளை வந்தாள்.

உச்சிப் பொழுது. காகமும் வாயைத் திறக்காத நேரம். நாகரெத்தினம் கை கழுவிவிட்டுத் திரும்பினார். நோயாளிக் கதிரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

"டொக்டர் மனே, என்ட பல்லத் தாங்க."

"எந்தப் பல்லு அக்கா?"

"போன கிழமை கழட்டினீங்களே. இடப்பக்கம், கீழ."

"அது அண்டைக்கே எறிஞ்சாச்சு."

"எறியல்ல. இஞ்சதான் கிடக்கு. கூப்பிடுது, எனக்குக் கேக்குது." அவள் கண் அலுமாரி இருந்த அறையின் பக்கம் போனது. "எங்கட உடம்புல இருந்து விழுந்தது எங்கட வளவு மண்ணுக்குள்ளதான் தாழணும் மனே. கடல் என்ட மூணு பேரையும் எடுத்துட்டு, ஒருத்தரையும் தாழ்க்கக் கிடைக்கல்ல. இனி ஒரு பல்லக்கூட ஆருட கையிலயும் விட மாட்டன்."

நாகரெத்தினம் அலுமாரியடிக்குப் போனார். போத்திலை இறக்கினார். எல்லாம் ஒரே மாதிரிப் பற்கள். கைக்கு வந்த ஒன்றை எடுத்துப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்.

மறுநாள் உச்சிக்கு அவள் வந்துவிட்டாள்.

"இது என்ட இல்ல. ஆம்பிளைட பல்லு. விடிய விடியக் குறட்டை."

வேறொன்று கொடுத்தார். அடுத்த நாள் அதுவும் திரும்பி வந்தது.

"இவ வேணா மனே. பொறாமைக்காரி. என்ட சட்டிபானையப் பாத்துப் பாத்துப் பல்லைக் கடிக்கிறா."

"பல்லு எப்படி அக்கா பல்லைக் கடிக்கும்?"

"அதத்தான் நானும் கேக்கன்."

மூன்றாவதை நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை. போத்திலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் தணிந்தது.

"இனி ஏலாது. அதுகள் ஒண்டாச் சேர்ந்திட்டு. எல்லாம் கடல் பக்கம் பாக்குதுகள், பாருங்க."

போய்விட்டாள். நாகரெத்தினம் சிரித்தார். சிரித்துவிட்டுக் குனிந்து போத்திலைப் பார்த்தார். வேர்களெல்லாம் மேற்கே, தலைகளெல்லாம் கிழக்கே. அல்லது அவருக்கு அப்படித் தெரிந்தது. போத்திலை ஒருமுறை குலுக்கி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை. வெயில் முற்றத்தில் வெள்ளையாக நின்றது. தென்னோலை அசையவில்லை. வாவியில் ஒரு தோணி இல்லை. சுதர்சனா அப்போதுதான் குசினியில் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். நாகரெத்தினம் சட்டை மாற்ற அறைக்குள் போனார்.

டிக்.

நின்றார்.

டிக்டிக். டிக்.

அலுமாரியின் மேல் போத்திலின் மூடி நடுங்கியது, குளிர்க் காய்ச்சல்காரனின் தாடை அடிப்பதைப் போல. உள்ளே தண்ணீர் வெள்ளையாகப் பொங்கியது. பற்கள் எழும்பின. உருண்டன. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு மேலே வந்து, கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போயின. ஒரு சனக்கூட்டம் மூச்சு விடுவது போல உஸ்ஸென்று ஒரு சத்தம்.

"சு... சு..."

"ஆரைக் கூப்பிடுறீங்க, நாயையா?" சுதர்சனா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வந்தாள். அதற்குள் போத்தில் அடங்கிவிட்டது. தண்ணீர் தெளிந்து கிடந்தது.

"பல்லு... பேசினது."

"என்ன பேசினது?"

"விளங்கல்ல. எல்லாம் ஒரே நேரத்துல பேசினா எப்படி விளங்கும்?"

"விஞ்ஞானம் படிச்ச ஆள் நீங்க," என்றாள் சுதர்சனா. "எனக்குத்தான் பயம் எண்டு பாத்தா. வாங்க, சோறு ஆறுது."

அவருக்குச் சோறு இறங்கவில்லை. பல் ஒவ்வொன்றும் சோற்றை மெல்லும்போது சத்தம் போட்டது. அவருடைய சொந்தப் பற்கள்தான். இருந்தாலும் நம்ப முடியவில்லை.

வியாழக்கிழமை அவரே சுதர்சனாவையும் பிள்ளையையும் களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டார், பிள்ளைக்குத் தடுப்பூசி போட. திரும்பி வந்து முன்னறையில் ஒரு நோயாளியின் பல்லைப் பார்த்தார். அந்த ஆளும் போன பிறகு வீடு ஒரேயடியாக வெறித்துக் கிடந்தது. கடலின் இரைச்சல் நின்றிருந்தது. முதல் தடவையாக அது நின்றது அவருக்கும் கேட்டது.

அறைக்குள் எட்டிப் பார்த்தார். அலுமாரியின் மேல் போத்தில் இல்லை.

கிழக்குப் பக்க ஜன்னலில் இருந்தது. கடலைப் பார்த்தபடி. பொங்கிக்கொண்டு.

சுதர்சனா பஸ்ஸை விட்டு இறங்கும்போது நாகரெத்தினம் றோட்டில் நின்றார். வெயிலில். தொப்பி இல்லாமல். ஒரு கையில் கதவடிப் பை.

"இது என்ன கோலம்?"

"போத்தில ஜன்னலுக்கு ஆரு கொண்டு வந்த?"

"நான் அதத் தொடுவனா? பயத்துல நான் அந்த அறைக்கே போறல்ல."

அது உண்மை போலத்தான் இருந்தது. அவள் பயந்தவள் என்பது ஊருக்கே தெரியும்.

"சுதா, டவுனுக்குப் போவமா?"

"கோர்ஸ் முடியட்டுமே."

"அதுக்கு முதல் போவம்."

"உங்கட நோயாளியள்?"

"பஸ் ஓடுதுதானே. வருவாங்க."

"இஞ்ச நீங்க ராசா எண்டு சொல்லுவீங்களே."

"ராசா வேணா. மாடி வேணும்."

சுதர்சனா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். மனமில்லாதவள் போலப் பெருமூச்சு விட்டாள்.

"இவ்வளவு கெஞ்சிறீங்க. சரி, உங்களுக்காக வாறன்."

டவுனில் பாறூக் நானாவின் வீட்டு மேல்மாடி அதிசயமாக உடனே கிடைத்தது. கீழே நானா குடும்பமும் அவருடைய புடைவைக் கடையும். மேலே இவர்கள். நடுவில் நல்ல உறுதியான சீமெந்துப் படி. முதல் நாளே சுதர்சனா பிள்ளையை அணைத்துக்கொண்டு, மதியம் படுத்தவள் மாலை வரை எழும்பவில்லை. அவள் அப்படி உறங்கி நாகரெத்தினம் கண்டதே இல்லை. கதவடியில் பை இல்லை.

போத்திலைச் சாக்கில் சுற்றி, சாக்கைக் கயிற்றால் கட்டி, பஸ்ஸில் தன் இருக்கையிலிருந்து தள்ளி வைத்துக் கல்குடாவுக்குக் கொண்டு போனார்.

மண்டபத்தில் புதுப் பெயின்ட் மணம். ஜன்னலுக்கு வெளியே, கடல் கூரையைக் கொண்டு போன ஒரு பழைய வீட்டின் சுவர் மட்டும் நின்றது. மேசைக்கு மேசை ஒரு போத்தில். அத்தனை டொக்டர்களுக்கு முன்னால் ஒரு மாவட்டமே சத்தமில்லாமல் சிரித்தது. நாகரெத்தினத்தின் சட்டை முதுகில் ஒட்டியது.

பேராசிரியர் தன் கண்ணாடிக் குவளையைத் தூக்கிக் காட்டினார். "உள்ளே குளோரின் தண்ணீர், பற்கள். இப்போது கொஞ்சம் பெரொக்சைட் விடுகிறேன். சீடியில் பார்த்திருப்பீர்கள்."

விட்டார். வெள்ளையாகப் பொங்கியது. பற்கள் எழும்பின.

"முருகா!"

நாகரெத்தினம் கதிரைக்கு மேல் நின்றார். மண்டபம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

"பயப்பட வேண்டாம், டொக்டர்," என்றார் பேராசிரியர். "இரண்டும் சேர்ந்தால் ஒட்சிசன் நுரைக்கும். வேருக்குள் இருக்கும் அழுக்கை அது மேலே தள்ளும் என்று முன்பு இப்படித்தான் கழுவினோம். இப்போது செய்வதில்லை."

நாகரெத்தினம் மெதுவாக இறங்கினார். சீடி. மடியில் பிள்ளை. கடைசி வரை பார்த்தவள். கோர்ஸில் அதற்குப் பிறகு சொன்ன நவீன முறை ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க, மனைவியைக் கேட்க வேண்டிய கேள்விகளைப் பல்லுக்குப் பல் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தார்.

படி ஏறினார். சுதர்சனா பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள்.

"பெரொக்சைட் ஊத்தினது நீதானே?"

"ஓம்."

வரிசையில் நின்ற கேள்விகளெல்லாம் அந்த ஓம் பட்டுக் கொட்டுண்டு போயின. "ஓம் எண்டா?"

"ஓம்தான். கேட்டா வரமாட்டீங்க. பயந்தா வருவீங்க. அஞ்சு வருசமா நான் பயந்தன், ஒருத்தரும் அசையல்ல. நீங்க ரெண்டு தரம் பயந்தீங்க, வீடே டவுனுக்கு வந்திட்டு."

ராசாவுக்கு ரோசம் வந்தது. "அப்ப நாளைக்கே குருக்கள்மடத்துக்குத் திரும்பிப் போறம்."

"போவம்," என்றாள் சுதர்சனா. பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "ஆனா ஒண்டு. நான் ஊத்தினது செவ்வாய்க்கிழமை மட்டும்தான்."

"மற்றது? வியாழக்கிழமை?"

"வியாழக்கிழமை நான் களுவாஞ்சிக்குடியில. நீங்கதானே பஸ் ஏத்திவிட்டீங்க."

கீழே கடையில் யாரோ சீலை கிழித்தார்கள். நாகரெத்தினம் திடுக்கிட்டார்.

"அப்ப... ஜன்னலுக்கு ஆரு கொண்டு போன?"

"அதத்தான் நானும் உங்களிட்ட கேக்கணும் எண்டு இருந்தன்." சுதர்சனாவின் முகத்தில் சிரிப்பில்லை. பயமும் இல்லை. பல் பிடுங்க வந்தவர்களுடைய முகங்களையெல்லாம் வாசித்துப் பழகியவருக்கு அந்த முகத்தில் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. "போய்ப் பாப்பமா? நாளைக்கு உச்சிக்குப் போய்ச் சேரலாம்."

விடிந்ததும் அவர் பல்கூடத் துலக்காமல் கீழே இறங்கினார்.

"நானா, இந்த வீட்ட விக்கிற யோசனை ஏதும் இருக்கா?"

பாறூக் நானா புடைவைக் கட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பரிவோடு பார்த்தார்.

"உங்கட மிஸிஸ் போன மாசமே கேட்டுட்டா, டொக்டர். 'அவரு தானா வந்து கேப்பாரு, அதுவரைக்கும் ஒண்டும் தெரியாத மாதிரி இருங்க' எண்டும் சொன்னா."